கையில் கொஞ்சம் பணம், தலைக்கு மேல் கடன்... கொட்டகையில் பிறந்த டிஷ்வாஷர்! யார் இந்த ஜோசபின் காக்ரேன்?

1893, சிகாகோ. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே நமக்கு ஞாபகம் வருவது விவேகானந்தர்தான். மெட்ராஸ் இளைஞர்கள் வீடு வீடாகப் போய் நிதி திரட்டி அனுப்பிவைத்த பயணம் அது. செப்டம்பர் 11 அன்று சர்வசமயப் பேரவையில் அவர் பேசியதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம்.

அந்தப் பேரவை தனியாக நடந்த நிகழ்ச்சி இல்லை. அந்த வருஷம் சிகாகோவில் ஆறு மாதம் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சியை ஒட்டித்தான் அதுவும் நடந்தது. உலகின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் சுற்றியது அங்கேதான். மாற்று மின்சாரத்தில் ஒரு நகரமே ஜொலிக்கும் என்று காட்டியதும் அங்கேதான். வந்துபோனவர்கள் கணக்கு சுமார் 2.7 கோடி.

இவ்வளவு கூட்டம் வந்தால் சாப்பாடு வேண்டும். சாப்பாடு போட்டால் தட்டு, கப், ஸ்பூன் எல்லாம் மலைபோலக் குவியும். அதையெல்லாம் கழுவியது யார்?

கண்காட்சியின் பல உணவகங்களில் அந்த வேலையைச் செய்தது இயந்திரம். மொத்தம் ஒன்பது. அவற்றை விற்றவர் 54 வயதான ஒரு விதவைப் பெண். இன்ஜினீயரிங் படித்தவர் அல்ல, கல்லூரிப் பக்கமே போகாதவர். பெயர் ஜோசபின் காக்ரேன்.

இன்றைய டிஷ்வாஷர் எல்லாவற்றுக்கும் பாட்டி அவருடைய இயந்திரம்தான். ஆனால் அவரைப் பற்றி இணையத்தில் சுற்றும் கதை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: பணக்கார வீட்டு அம்மாவின் விலை உயர்ந்த தட்டை வேலைக்காரர்கள் உடைத்தார்கள், கோபத்தில் அவர் டிஷ்வாஷரைக் கண்டுபிடித்தார். இது பாதிக் கதைதான். மீதிப் பாதியில் ஒரு மரணம் இருக்கிறது, பெரிய கடன் இருக்கிறது, பெண் என்பதால் மூடப்பட்ட கதவுகளும் இருக்கின்றன.

இன்ஜினீயர் வீட்டுப் பெண்

ஜோசபின் பிறந்தது 1839-ம் ஆண்டு மார்ச் 8-ம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். அந்தத் தேதி பின்னாளில் சர்வதேச மகளிர் தினமாக ஆகப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அப்பா ஜான் காரிஸ் சிவில் இன்ஜினீயர். ஆற்றங்கரை மில்களின் வேலைகளைக் கவனித்தவர். அம்மா ஐரீன், நீராவிப் படகின் முன்னோடி ஜான் ஃபிட்ச்சின் வம்சாவளி. ஆக, இரண்டு பக்கமும் பல்சக்கரமும் பம்பும் புழங்கிய குடும்பம்தான். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வித்தையெல்லாம் பையன்களுக்குத்தான். பெண்ணுக்கு யாரும் உட்கார வைத்து இயந்திரவியல் சொல்லிக் கொடுக்கவில்லை.

வளர்ந்தது இண்டியானா மாநிலத்தின் வால்பரைசோ ஊரில். அங்கே ஒரு தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளி தீப்பிடித்து எரிந்துபோனது. படிப்பும் அதோடு நின்றது. பிறகு இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற சிறிய ஊரில் இருந்த சகோதரி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

19 வயதில் கல்யாணம்... பெயரில் ஒரு 'இ'

ஷெல்பிவில்லில்தான் அவர் வில்லியம் காக்ரனைச் சந்தித்தார். வில்லியம் அதற்கு முந்தைய வருஷம் தங்க வேட்டைக்காக கலிஃபோர்னியா போய், எதிர்பார்த்தது கிடைக்காமல் திரும்பியவர். பிறகு ஜவுளி வியாபாரத்தில் காலூன்றி, ஊரில் நல்ல பெயரும் வசதியும் சம்பாதித்தார். ஜனநாயகக் கட்சி அரசியலிலும் இருந்தார்.

1858 அக்டோபரில் திருமணம். ஜோசபினுக்கு அப்போது 19 வயது.

கணவரின் குடும்பப் பெயரை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் எழுத்துக்கூட்டலில் கடைசியாக ஒரு 'இ' சேர்த்துக்கொண்டார். பார்க்க இன்னும் கொஞ்சம் கம்பீரமாக இருக்கும் என்ற எண்ணம். இதனால்தான் ஆவணங்களில் அவர் பெயர் காக்ரன், காக்ரேன் என இரண்டு விதமாக இருக்கிறது. காப்புரிமைப் பத்திரத்தில் அந்த 'இ' இல்லை.

அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். மகன் ஹேலி இரண்டு வயதிலேயே இறந்துவிட்டான். மகள் கேத்தரின் மட்டும் தங்கினாள்.

பீங்கான் தட்டுக் கதை உண்மையா?

உண்மைதான். 1870 வாக்கில் காக்ரன் தம்பதி பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள். அடிக்கடி விருந்து வைப்பார்கள். விருந்துக்கு எடுப்பது குடும்பத்தில் தலைமுறையாக வந்த பீங்கான் செட். 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

விருந்து முடிந்து வேலைக்காரர்கள் கழுவி வைத்த பிறகு பார்த்தால் ஒரு தட்டின் ஓரம் உடைந்திருக்கும், ஒரு கப்பில் கீறல் விழுந்திருக்கும். கைதவறி நடப்பதுதான், ஆனால் திரும்பத் திரும்ப நடந்தது. கடைசியில் ஜோசபின் யாரையும் தொடவிடாமல் தானே கழுவ ஆரம்பித்தார்.

கழுவிப் பார்த்த பிறகுதான் அந்த வேலை எவ்வளவு சலிப்பானது என்று அவருக்குப் புரிந்தது. இத்தனை இயந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில் இதற்கு மட்டும் ஏன் ஒன்று இல்லை என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது.

அதற்கு முன்னாடி டிஷ்வாஷரே இல்லையா?

இருந்தது, காகிதத்தில்.

1850-ல் ஜோயல் ஹாட்டன் என்ற அமெரிக்கர் பாத்திரம் கழுவும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். மரத்தால் ஆன தொட்டி, கையால் சுற்றும் சக்கரம். சுற்றினால் தண்ணீர் பாத்திரத்தின் மேல் தெறிக்கும். அவ்வளவுதான். தெறித்த தண்ணீரில் அழுக்கு போகவில்லை. 1865-ல் எல்.ஏ. அலெக்ஸாண்டர் என்பவர் பல்சக்கரமும் கைப்பிடியும் வைத்து, பாத்திரங்கள் அடுக்கிய கம்பித்தட்டைத் தண்ணீருக்குள் சுழற்றும் கருவியைக் கொண்டுவந்தார். அதுவும் புழக்கத்துக்கு வரவில்லை.

அதனால், டிஷ்வாஷருக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் ஜோசபின் இல்லை. உண்மையிலேயே வேலை செய்த, விலைக்குப் போன, தொழிலாக நிலைத்த முதல் டிஷ்வாஷர் அவருடையது. இந்த வித்தியாசம் முக்கியம்.

1883: எல்லாம் மாறிய வருஷம்

இயந்திரம் பற்றிய யோசனை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வில்லியம் இறந்துபோனார். குடிப்பழக்கம் அவரை ஏற்கெனவே சீரழித்திருந்தது.

வெளியே பார்க்க மாளிகை. உள்ளே கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கையில் 1,500 டாலர் சொச்சம், அதற்கு மேல் ஏகப்பட்ட கடன். ஜோசபினுக்கு அப்போது 44 வயது. ஒரு நாள்கூட வெளியே போய்ச் சம்பாதித்ததில்லை.

அன்றைய அமெரிக்காவில் இந்த நிலையில் இருக்கும் நடுத்தர வயதுப் பெண்ணுக்கு முன்னால் இருந்த வழிகள் குறைவு. உறவினர் வீட்டில் ஒண்டிக்கொள்ளலாம். வீட்டில் வாடகைக்கு ஆள் வைக்கலாம். தையல் வேலை செய்யலாம். கம்பெனி ஆரம்பிப்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது. பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வரவே இன்னும் 37 வருஷம் இருந்தது.

ஜோசபின் கொட்டகைக்குள் போனார்.

இணையக் கதைகள் விட்டுவிடும் இடம் இதுதான். தட்டு உடைந்த கோபத்தில் பிறந்தது ஐடியா மட்டுமே. அந்த ஐடியாவை ராப்பகலாக உட்கார்ந்து இயந்திரமாக மாற்ற வைத்தது கடன். அதுவரை பொழுதுபோக்காக இருந்த விஷயம் அந்த வருஷம் பிழைப்பாக ஆனது.

கொட்டகைக்குள் என்ன நடந்தது?

வீட்டுக்குப் பின்னால் விறகு போட்டு வைக்கும் கொட்டகைதான் பட்டறை. துணைக்கு ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக். வரைந்தது, அளந்தது, இப்படி இருக்கணும் என்று சொன்னது ஜோசபின். உலோகத்தில் செய்து கொடுத்தது பட்டர்ஸ். இந்தக் கூட்டணி பல வருஷம் நீடித்தது. பின்னாளில் ஜோசபின் தன் தொழிற்சாலையை நிர்வகிக்க அவரையே நியமித்தார்.

முதல் வேலை அளவெடுப்பது. தட்டு, கப், சாஸர் ஒவ்வொன்றையும் அளந்து, அந்தந்த அளவுக்குக் கம்பியால் தனித்தனி அறைகள் செய்தார்கள். ஒன்றோடு ஒன்று மோதாமல் ஒவ்வொரு பாத்திரமும் தன் இடத்தில் நிற்கும்.

இந்தக் கம்பிக் கூடைகள் ஒரு சக்கரத்தில் பொருத்தப்பட்டன. சக்கரம் செம்பு பாய்லருக்குள் படுக்கைவாட்டில் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் சுழலும், பம்ப் வேலை செய்து கீழிருந்து சூடான சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். சோப்பு வேலை முடிந்ததும் நல்ல வெந்நீர் பீய்ச்சி அலசும். இரண்டு தண்ணீரும் மாறி மாறி வருவதற்கு இயந்திரத்திலேயே ஏற்பாடு இருந்தது.

1885 டிசம்பர் 31-ம் தேதி, அந்த வருஷத்தின் கடைசி நாளில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1886 டிசம்பர் 28-ல் கிடைத்தது. எண் 355,139.

இதில் புதுசா என்ன இருக்கு?

கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் இதில் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

ஒன்று, தேய்ப்பதற்குப் பதில் தண்ணீரின் வேகம். பாத்திரம் கழுவுவது என்றாலே தேய்ப்பது என்றுதான் கை நினைக்கும். தேய்க்கிற பொருள் தட்டின் மேல் பட்டால்தான் கீறலும் உடைசலும் வரும். தண்ணீர் மட்டும் வேகமாகப் பட்டால் அழுக்கு போகும், தட்டு பிழைக்கும்.

இரண்டு, சூடு. கையால் கழுவும்போது கை பொறுக்கும் அளவுக்குத்தான் வெந்நீர் வைக்க முடியும். இயந்திரத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கொதிநிலையை நெருங்கிய தண்ணீரில் கொழுப்பு சீக்கிரம் கரையும். வெளியே எடுத்த தட்டு அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். எல்லோரும் துடைக்கும் அந்த ஒரே ஈரத்துணிக்கும் வேலை இல்லை.

மூன்று, அளவுக்கேற்ற கூடை. தண்ணீர் எல்லாப் பக்கமும் படணும், பாத்திரம் நகரவும் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது அந்தக் கம்பி அறைகள்தான்.

இன்று கடையில் ஒரு டிஷ்வாஷரைத் திறந்து பார்த்தால் இந்த மூன்றும் அப்படியே இருக்கும். ஒரே வித்தியாசம், இப்போது கூடை நிற்கிறது, தண்ணீர் அடிக்கும் கை சுழல்கிறது.

ஹோட்டல் லாபியைத் தாண்டுவது

இயந்திரம் ரெடி. வாங்குவது யார்? தன்னைப் போன்ற வீட்டுப் பெண்கள் வாங்குவார்கள் என்றுதான் ஜோசபின் நினைத்திருந்தார். வாங்கியது ஹோட்டல்கள்.

ஹோட்டல்காரர்களுக்கு இது நேரடிக் கணக்கு. தினமும் ஆயிரக்கணக்கான தட்டு கழுவணும். அதற்கு ஆள் வேணும், சம்பளம் வேணும். உடையும் தட்டுக்கு ஒரு செலவு. இயந்திரம் சில நிமிடங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்களைக் கழுவும் என்று காட்டினால், மீதியை முதலாளியே கூட்டிக் கழித்துக்கொள்வார்.

முதல் பெரிய வாடிக்கையாளர் சிகாகோவின் புகழ்பெற்ற பாமர் ஹவுஸ் ஹோட்டல். அந்த ஆர்டர் தெரிந்தவர் ஒருவரின் அறிமுகத்தில் கிடைத்தது. அடுத்து ஷெர்மன் ஹவுஸ் ஹோட்டல். அங்கே அறிமுகம் செய்துவைக்க யாரும் இல்லை. நேரில் போய்ப் பேசணும்.

இப்போது நாம் ஒரு ஹோட்டல் லாபிக்குள் சாதாரணமாகப் போய் உட்காருவோம். 1880-களில் ஒரு கௌரவமான குடும்பப் பெண் தனியாக அங்கே நுழைவது பேச்சுக்கு இடம் தரும் விஷயம். ஜோசபின் அதுவரை அப்பாவோ கணவரோ கூட இல்லாமல் எங்கேயும் போனதில்லை. அந்த லாபியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்த சில நொடிகளை, தன் வாழ்க்கையில் செய்த மிகக் கஷ்டமான காரியங்களில் ஒன்றாகப் பல வருஷம் கழித்தும் அவர் நினைவுகூர்ந்தார். மயங்கி விழுந்துவிடுவோமோ என்று பயந்தாராம்.

விழவில்லை. 800 டாலர் ஆர்டரோடு வெளியே வந்தார்.

முதலீடு கேட்டால் நாற்காலியைக் கேட்டார்கள்

ஆர்டர் வந்தால் போதுமா? இயந்திரம் செய்ய பணம் வேணும். காரிஸ்-காக்ரன் என்று தன் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துக் கம்பெனி வைத்திருந்த ஜோசபின், முதலீட்டாளர்களைத் தேடினார்.

இன்றைய ஸ்டார்ட்அப் உலகில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பரிச்சயமாக இருக்கும். பொருள் பிடித்திருந்தது. ஆனால் நிர்வாகத்தை ஓர் ஆணிடம் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டால் பணம் போடலாம் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். அவர் ஒதுங்கவில்லை. பணமும் வரவில்லை.

சொந்தத் தொழிற்சாலை இல்லாததால் வெளியே ஒப்பந்தத்துக்குக் கொடுத்துத்தான் இயந்திரம் செய்ய வேண்டியிருந்தது. அங்கே இன்னொரு தலைவலி. அவர் சொன்னபடி செய்ய அங்கிருந்த ஆண்கள் தயாராக இல்லை. இயந்திரவியல் படிக்காத பெண் சொல்வதைக் கேட்பதா என்று, தங்களுக்குச் சரி என்று பட்டபடியே செய்வார்கள். அது சொதப்பும். பிறகு அவர் சொன்ன வழிக்கே திரும்பி வருவார்கள். அதற்குள் ஆன செலவு ஜோசபின் கணக்கில்.

இந்த நிலைமையில்தான் 1893 கண்காட்சி வந்தது.

கண்காட்சியில் என்ன சாதித்தார்?

கண்காட்சியில் பெண்களின் படைப்புகளுக்கென்றே தனி மாளிகை இருந்தது. ஜோசபினின் இயந்திரம் இருந்தது அங்கே அல்ல. ராட்சத என்ஜின்களும் பம்புகளும் நின்ற இயந்திர மண்டபத்தில், ஆண்களின் கண்டுபிடிப்புகளுக்கு நடுவில் அது நின்றது.

அதைவிடப் பெரிய விளம்பரம் உணவகங்களில் ஓடிய ஒன்பது இயந்திரங்கள். காட்சிக்கு வைத்த மாடலை நம்பத் தயங்குபவர்கூட, மதியக் கூட்டத்துக்கு நடுவே தட்டுகள் பளிச்சென்று வெளியே வருவதைப் பார்த்தால் நம்பித்தானே ஆகணும்? கட்டமைப்பின் தரம், உழைப்பு, வேலைக்குப் பொருந்தும் தன்மை ஆகியவற்றுக்காக நடுவர்கள் அந்த இயந்திரத்துக்கு உயரிய விருது கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஆர்டர்கள் பெருகின. ஹோட்டல்கள், உணவகங்களோடு மருத்துவமனைகளும் கல்லூரிகளும் கேட்டு வாங்கின. மருத்துவமனைகளை ஈர்த்தது அந்தக் கொதிக்கும் வெந்நீர். கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்ற அறிவு பரவிக்கொண்டிருந்த காலம் அது. மெக்ஸிகோ முதல் அலாஸ்கா வரை இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தன. கைப்பிடி போய் நீராவியால் ஓடும் பெரிய மாடல்களும் வந்தன.

1898-ல் ஒருவழியாகச் சொந்தத் தொழிற்சாலை திறந்தார். கடனோடு நின்ற நாளிலிருந்து கணக்குப் போட்டால் 15 வருஷம்.

அப்போ, வீட்டுக்கு ஏன் வரவில்லை?

வீட்டு வேலையைக் குறைக்கத்தான் அவர் ஆரம்பித்தார். ஆனால் உயிரோடு இருந்தவரை சாதாரண வீட்டுச் சமையலறைக்குள் அவர் இயந்திரம் நுழையவே இல்லை. காரணங்கள் பல.

முதலாவது, விலை. ஹோட்டலுக்கு அது முதலீடு. வீட்டுக்கு ஆடம்பரம்.

இரண்டாவது, வெந்நீர். இயந்திரத்துக்குத் தேவையான அளவு கொதிக்கும் தண்ணீரை ஒரே நேரத்தில் கொடுக்கும் வசதி அன்றைய வீடுகள் பலவற்றில் இல்லை.

மூன்றாவது, தண்ணீரின் தன்மை. உப்புத்தண்ணியில் சோப்பு சரியாக நுரைக்காது என்பது நமக்கே தெரியும். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். கையால் என்றால் துடைத்துவிடலாம். இயந்திரத்தில் அது அப்படியே காய்ந்துவிடும். இதற்கு ஏற்ற டிடர்ஜென்ட் அப்போது இல்லை.

நான்காவது காரணம்தான் யோசிக்க வைப்பது. ஹோட்டலில் பாத்திரம் கழுவுவதற்குச் சம்பளம் உண்டு. அதனால் அந்த வேலை குறைந்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குத் தெரியும். வீட்டில் அதே வேலையை மனைவியோ மகளோ சும்மா செய்தார்கள். சும்மா கிடைக்கும் உழைப்பை மிச்சம் பிடிக்க வீட்டுத் தலைவர் எதற்கு நூறு டாலர் எடுத்துக் கொடுக்கணும்? பணப்பையைத் திறக்கும் கை ஒன்று, பாத்திரம் கழுவும் கை வேறொன்று. ஜோசபினின் இயந்திரம் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்.

73 வயதிலும் சேல்ஸ்

தொழில் நிலைத்த பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. 1912-ல், 73 வயதில், நியூயார்க் வரை போய் புது ஹோட்டல்களுக்கு இயந்திரம் விற்றுவிட்டு வந்தார். பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்தார். லாபியைத் தாண்டிய கதை, சொல்பேச்சு கேட்காத மெக்கானிக்குகளின் கதையெல்லாம் நமக்குத் தெரிய வந்தது அப்படித்தான். இத்தனை கஷ்டம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் ஆரம்பிக்கவே தைரியம் வந்திருக்காது என்ற தொனியில் அவர் பேசியிருந்தார்.

1913 ஆகஸ்ட்டில் சிகாகோவில் காலமானார். வயது 74. உடல் ஷெல்பிவில்லில் கணவரின் ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அதற்கு முந்தைய ஜூன் மாதக் கடைசியில்தான் இல்லினாய் மாநிலம் அதிபர் தேர்தலில் பெண்கள் ஓட்டுப்போடலாம் என்று சட்டம் போட்டிருந்தது. பல மாநிலங்களுக்கு இயந்திரம் அனுப்பிய ஒரு முதலாளிக்கு, அந்த ஓட்டை ஒருமுறைகூடப் போட வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவருடைய மேம்பட்ட மாடல் ஒன்றுக்கான காப்புரிமை வந்ததும் இறந்த பிறகுதான், 1917-ல்.

கம்பெனி என்ன ஆனது?

1926-ல் ஹோபார்ட் என்ற நிறுவனம் அதை வாங்கியது. ஒஹாயோ மாநிலத்தின் ட்ராய் ஊரைச் சேர்ந்தது. ஜோசபின் பிறந்த அதே மாநிலம். ஹோபார்ட் ஏற்கெனவே 1919 முதல் வீட்டு மிக்ஸர்களை கிச்சன்எய்ட் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. 1949-ல் அதே பெயரில் வீட்டுக்கான டிஷ்வாஷரைக் கொண்டுவந்தது. ஜோசபினின் வடிவமைப்பிலிருந்து வளர்ந்த இயந்திரம் அது. கொட்டகையில் ஆரம்பித்து வீட்டுச் சமையலறையை எட்ட 60 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் புது வீடுகள் வரிசையாக எழும்பின. வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய், மின்சாரம். 1955-ல் கேஸ்கேட் போன்ற டிஷ்வாஷருக்கென்றே தயாரித்த டிடர்ஜென்ட் பொடிகளும் கடைக்கு வந்தன. அவற்றில் இருந்த பாஸ்பேட், தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டதால் வெள்ளைப் படிவுத் தொல்லையும் குறைந்தது. ஜோசபினைத் தடுத்த சுவர்கள் ஒவ்வொன்றாக இடிந்தது இப்படித்தான்.

பழசைத் தேடும் கூட்டம்

இதில் ஒரு சுவாரஸ்யமான பின்குறிப்பு. அந்தக் காலத்து டிஷ்வாஷர்களைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, இன்றும் தினசரி ஓட்டுபவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 1986-ல் கிச்சன்எய்ட் பெயரை வேர்ல்பூல் நிறுவனம் வாங்கியது. அதற்கு முன் ஹோபார்ட் காலத்தில் செய்த இயந்திரங்களுக்கு இவர்களிடம் தனி மவுசு.

காரணம், அவற்றின் உடம்பு. எஃகின் மேல் பீங்கான் பூச்சு கொடுத்த தொட்டி, கனமான மோட்டார், திருகினால் டிக் டிக் என்று ஓடும் மெக்கானிக்கல் டைமர். சர்க்யூட் போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்க என்று யாரும் சொல்ல முடியாது. ரப்பர் சீல் காய்ந்தால் மாற்றலாம், பம்ப் ஒழுகினால் கழற்றிச் சரி பண்ணலாம். ஒரு மணி நேரத்துக்குள் வேலையும் முடிந்துவிடும். இன்றைய மெஷின்களில் சாதாரண சுற்றே இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது.

அதற்கு விலையும் உண்டு. அமெரிக்காவில் 2013 முதல் புதிய சாதாரண அளவு டிஷ்வாஷர் ஒரு சுற்றுக்கு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் தண்ணீருக்கு மேல் எடுக்கக் கூடாது. பழைய இயந்திரங்கள் அதைத் தாராளமாகத் தாண்டும். மின்சாரமும் அதிகம், சத்தமும் அதிகம். ஏரிகளில் பாசி பெருகுவதால் 2010-ல் பல மாநிலங்கள் டிஷ்வாஷர் பொடியில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்திவிட்டன. பாஸ்பேட்டை நம்பி வடிவமைத்த பழைய மெஷின்களில் தட்டு மங்கலாக வர, சிலர் அதைத் தனியாக வாங்கிக் கலந்துகொள்கிறார்கள். நீண்ட நாள் உழைப்பதா, குறைவாகச் செலவழிப்பதா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓடுகிறது.

எப்படியிருந்தாலும், அந்தப் பழைய இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே தெரிவது ஷெல்பிவில் கொட்டகையின் யோசனைதான். தன் இடத்தில் நிற்கும் தட்டு, கம்பிக் கூடை, வேகமாக வரும் வெந்நீர்.

2006-ல் ஜோசபின் காக்ரேனின் பெயர் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் மன்றத்தில் சேர்க்கப்பட்டது. காப்புரிமை கிடைத்து 120 வருஷம், அவர் இறந்து 93 வருஷம் ஆகியிருந்தது. கம்பெனியை ஓர் ஆணிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் பணம் தருகிறோம் என்றவர்களின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. ஒதுங்காமல் நின்றவரின் பெயர்தான் நிற்கிறது.